தாமலுக்கு இரண்டு தடவை

கூரியர் அலுவலகத்துப் பலகையில் வெளிநாட்டுத் தபால் மாலை ஆறு மணி வரை என்று எழுதியிருக்கிறது. காஞ்சிபுரத்தில் பலகையில் எழுதியதை யாரும் நம்புவதில்லை. கோயில் நடை எப்போது சாத்துவார்கள் என்பதைக்கூட வாசலில் பூ விற்பவரிடம் கேட்ட பிறகுதான் நம்புவோம். ஆனால் அந்த ஆறு மணி மட்டும் உண்மை. ஆறு ஆனதும் வண்டிக்காரர் பின்கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டுவிடுவார். அதற்குப் பிறகு பிரதமர் வந்து நின்றாலும் நாளைக்கு வாங்க சார் என்பார். ஒரு அரசாங்க அலுவலகத்தில் வாழ்நாள் முழுக்க இருந்த எனக்கு அவரைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும்.

நான் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கிரயம், தானம், பாகப்பிரிவினை, விடுதலை, உயில் என்று அடுத்தவர்கள் சொத்துக்காகக் கையெழுத்துப் போட்டே என் கட்டைவிரல் காய்த்துப்போனது. ஓய்வு பெற்ற மறுமாதமே வீட்டில் என்னை வைத்துக்கொள்ள முடியவில்லை. கேஸ் சிலிண்டர் போடுகிறவரிடம் ரசீதில் தேதி இல்லை என்று தகராறு செய்தேன். என் மனைவி சொன்னாள்: "மத்தவங்க ரிட்டையர் ஆனா கோயிலுக்குப் போறாங்க. நீங்க கோயிலுக்குப் போனா உண்டியலுக்கு ரசீது கேப்பீங்க. எங்கயாவது வேலைக்குப் போங்க."

அப்படித்தான் அந்த வக்கீலம்மாவுடன் சேர்ந்துகொண்டேன். நாற்பது வயதைத் தாண்டியவர், நோட்டரியாக நியமனம் பெற்றவர். நோட்டரி என்றால் நீங்கள் கையெழுத்துப் போடுவதைத் தன் கண்ணால் பார்த்து, ஆமாம், இன்னார்தான் போட்டார் என்று முத்திரை குத்துகிற வக்கீல். தன் கண்ணால் என்ற இரண்டு சொல்லில்தான் அந்தப் பதவியின் உயிர் இருக்கிறது. சில ஊர்களில் அந்த உயிர் போய் வெகுகாலம் ஆகிறது. கையெழுத்துப் போட வேண்டியவர் கட்டிலில் கிடப்பார், முத்திரை கடைவீதியில் விழும். இந்த அம்மா அந்த ரகம் இல்லை. வர முடியாதவர்களின் வீட்டுக்குத் தானே போவார். ஸ்கூட்டரில் முத்திரைப் பெட்டியையும் பதிவேட்டையும் வைத்துக்கொண்டு கிராமம் கிராமமாகச் சுற்றிக்கொண்டிருந்தவருக்கு, பழைய காரும் நிறைய நேரமும் வைத்திருந்த நான் கிடைத்தேன். பெட்ரோல் அவர் செலவு. சட்டப்பிரிவு என் செலவு.

வெளியூர்க்காரர்கள் நினைப்பது போலக் கையெழுத்து வாங்குவதில் சிரமம் இல்லை. வாங்கியதை ஆறு மணிக்குள் ஊருக்குள் கொண்டுவந்து சேர்ப்பதில்தான் உயிர் போகும். பையன் பெங்களூரிலிருந்தோ பாஸ்டனிலிருந்தோ போனில் சொல்லியிருப்பான், அசல் காகிதம் திங்கட்கிழமை கையில் இருக்க வேண்டும் என்று. இங்கே அவன் அப்பா குளித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன் என்பார். குளித்து வந்தால் ஆதார் அட்டை பீரோவில் இருக்கும். பீரோ சாவி மருமகளிடம் இருக்கும். மருமகள் நூறு நாள் வேலைக்கு ஏரிக்குப் போயிருப்பாள். அவள் வந்து திறந்தால் ராகுகாலம் பிறந்திருக்கும். இத்தனையும் நடக்கும்போது நான் வாசலில் காரைச் சுற்றிச் சுற்றி வருவேன். உட்காருங்க சார் என்பார்கள். உட்கார்ந்தால் எனக்கு மூச்சு முட்டும்.

அந்த வெள்ளிக்கிழமை தாமலுக்குப் போனது ஒரு குழந்தையின் பாஸ்போர்ட்டுக்காக.

வளைகுடா நாடொன்றில் நர்ஸாக இருக்கும் ஒரு பெண் வக்கீலம்மாவுக்கு போன் செய்திருந்தாள். ஏனாத்தூர்க்காரி, தாமலில் வாழ்க்கைப்பட்டவள். வேலை ஒப்பந்தம் முடிந்துவிட்டது. அடுத்த வாரக் கடைசிக்குள் அந்த நாட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும். ஐந்து வயதுப் பெண் குழந்தையின் பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தது. புதுப்பிக்க வேண்டுமானால் தகப்பன் சம்மதிக்கிறேன் என்று கையெழுத்துப் போட்ட பிரமாணப் பத்திரம், நோட்டரி முத்திரையோடு, அசலாகத் தூதரகத்துக்கு வர வேண்டும். தகப்பனோ அங்கே வேலை பிடிக்காமல் குழந்தை பால்குடி மறக்கும் முன்பே ஊருக்கு வந்துவிட்டவன். பேச்சுவார்த்தை நின்று இரண்டு வருஷம். இப்போது ஏரிக்கரையில் மோட்டார் சைக்கிளோடு விழுந்து தொடை எலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறான். வெள்ளிக்கிழமை வண்டியில் போனால் காகிதம் திங்கட்கிழமை அங்கே இருக்கும். அதை விட்டால் இடையில் சனி, ஞாயிறு. அப்புறம் போய்ச் சேரும் காகிதத்தால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. தாய் கிளம்பியாக வேண்டும், பிள்ளை கிளம்ப முடியாது. பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுக் கிளம்புவது என்ற கேள்வியை அவள் போனில் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது எங்கள் இருவருக்கும் கேட்டது.

முத்திரைத்தாள் இரண்டு வாங்கினேன். பத்திரப் பதிவில் இருந்தவன் ஒற்றைத் தாள் வாங்க மாட்டான். வாசகத்தை ஒன்றில் அச்சடித்துக்கொண்டு மதியம் சாப்பிட்ட கையோடு புறப்பட்டோம்.

தாமலில் அந்த வீட்டை நடத்துபவர் அவனுடைய அக்கா. கல்யாணமாகி, கணவரை இழந்து, தம்பி வீட்டிலேயே இருந்து நிலத்தையும் மாட்டையும் பார்த்துக்கொள்பவர். எங்களைப் பார்த்ததும் வாங்க என்றார். அதற்கப்புறம் எங்களைப் பார்த்து ஒன்றும் பேசவில்லை. பேசியதெல்லாம் மாட்டுக்கும் சுவருக்கும்.

"ஊரு விட்டு ஊரு போயி சம்பாரிக்கத் தெரியுது. இவன் ஒரு கோடு இழுக்காம வர முடியல பாரு."

தம்பி ஜன்னலோரக் கட்டிலில் கால் நீட்டிக் கிடந்தான். காகிதத்தை வாங்கி மூன்று முறை படித்தான். மூன்றாவது முறை படிக்கும்போது நான் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று வக்கீலம்மா கண்ணாலேயே சொன்னார். பிறகு அவன் கேட்டான், வக்கீலம்மாவை இல்லை, என்னை. வெள்ளை முடிக்கு அந்த ஒரு மரியாதை இன்னும் மிச்சமிருக்கிறது.

"சார், இதுல போட்டுட்டா பிள்ள மேல எனக்கு இருக்கிற உரிமை பூடுமா?"

போகாது என்று சொன்னேன். இது பாஸ்போர்ட்டுக்கான சம்மதம் மட்டுந்தான், பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, உரிமையை விட்டுக்கொடுப்பதற்கு வேறு பத்திரம், வேறு வாசகம், வேறு நீதிமன்றம் என்று விளக்கினேன். விளக்க ஆரம்பித்தால் நிறுத்த எனக்குத் தெரியாது. அவன்தான் நிறுத்தினான். "அவ அங்கியே இருக்கறதுக்கா, இங்க வர்றதுக்கா?" என்றான். இங்கே வருவதற்கு என்றார் வக்கீலம்மா. அவன் பேனாவுக்குக் கை நீட்டினான்.

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "நல்லாக் கேட்டுக்கோ. அப்பறம் எங்கிட்ட வந்து அழுதுக்கினு இருக்காத."

போட்டான். கையெழுத்தும் இடது கைப் பெருவிரல் ரேகையும். புகைப்படம் ஒட்டி அதன் மேல் பாதி விழும்படி முத்திரை குத்தி, வக்கீலம்மா தன் கையெழுத்தைப் போட்டார். அடுத்தது பதிவேட்டில் கையெழுத்து. அதற்குள் காரைத் திருப்பி வைக்கலாம் என்று வெளியே போனேன். தெருவை அடைத்துக்கொண்டு வைக்கோல் டிராக்டர் ஒன்று நின்றது. அதன் ஓட்டுநரைத் தேடிப் பிடித்து, கெஞ்சி, நகர்த்தி, நான் திரும்பி வந்தபோது பழுப்பு உறையை நீட்டிக்கொண்டு அக்கா வாசலில் நின்றார். வக்கீலம்மா பதிவேட்டில் குனிந்திருந்த நேரத்தில் காகிதத்தை அவரே உறையில் வைத்திருந்தார். வாங்கிக்கொண்டு ஓடினோம். காபி குடித்துவிட்டுப் போகச் சொல்லவில்லை. அந்த வீட்டைப் பற்றி நான் கவனித்த ஒரே நல்ல விஷயம் அது என்று காரில் சொன்னேன்.

முகூர்த்த மாதம். கூரியர் அலுவலகத்தில் சேலைப் பொட்டலங்கள் கூரை வரை அடுக்கியிருந்தன. கவுண்டரில் இருந்தவர் எங்களுக்குத் தெரிந்தவர். நன்றாகப் பேசுவார், அதனால் வேலை கொஞ்சம் தாமதமாகும். வெளிநாட்டுக்குப் போவதை உறையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பில் போட வேண்டும் என்பது அங்கே விதி. எடுத்தார். பார்த்தார்.

"இன்னா சார், கல்யாணப் பத்திரிகையா?"

காகிதத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள். மஞ்சளின் நடுவே குங்குமம். காயும் முன்பே மடித்து வைத்ததால் கீழ் மூலையில் இருந்தது மேலே ஒட்டி, சிவப்பும் மஞ்சளுமாக முத்திரையின் மேலும் பாதிக் கையெழுத்தின் மேலும் பரவியிருந்தது. முத்திரையில் இருந்த எண்ணைப் படிக்க முடியவில்லை.

அவருக்கு அது ஒரு பொருட்டில்லை. அவரிடம் வருகிற பாதிப் பொட்டலங்கள் மஞ்சள் தடவித்தான் வருகின்றன. அனுப்பலாம் சார், போகும் என்றார். போகும்தான். போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். அழித்தல், திருத்தல், கறை. இந்த மூன்றில் எது இருந்தாலும் திருப்பிக் கொடு என்பதுதான் உலகத்தில் உள்ள எல்லாக் கவுண்டர்களுக்கும் முதல் பாடம். நானே எத்தனையோ பேருக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். எண்ணெய்ப் பொட்டு விழுந்த பத்திரத்தைப் பலகாரம் மடித்தீரா என்று கேட்டுத் திருப்பியவன் நான்.

வக்கீலம்மா அந்த நர்ஸுக்குப் படம் எடுத்து அனுப்பிவிட்டு போன் போட்டார். அவள் அழவில்லை. அவங்கதானே என்று மட்டும் கேட்டாள். நாத்தனாரைப் பெயர் சொல்லாமல் கேட்கும் அந்தக் கேள்வியில் பல வருஷம் இருந்தது. அங்கே போன வாரம்தான் பேனா மை கொட்டிய காகிதத்தைத் திருப்பினார்களாம், இதை வாங்கவே மாட்டார்கள் என்றாள். வேணும்னேதான் செஞ்சிருக்காங்க என்றாள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அந்த வீட்டில் கேட்ட பேச்சுக்கு வேறெப்படி நினைப்பது.

கவுண்டர்காரர் கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், என் பையில் எட்டிப் பார்த்த இன்னொரு முத்திரைத்தாளைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"பக்கத்துக் கடையில பிரிண்ட் போட்டுக்கினு வாங்க சார். கையெழுத்துதான் இதுல இருக்குதே, பாத்து ஒரு இழுப்பு இழுத்துடுங்க. அந்தாளு போட்டதுதானே? சம்மதம் மாறவா போவுது?"

வக்கீலம்மா காகிதத்தில் இருந்த கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எளிமையான கையெழுத்து, இரண்டு சுழி, ஒரு கோடு. அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. இது தவறு என்று சொல்வது சுலபம். ஆனால் ஒரு குழந்தை ஏர்போர்ட்டில் நிற்பதைக் கண்ணால் பார்ப்பது போல இருக்கும்போது, இரண்டு சுழி ஒரு கோடு மிகவும் சின்னதாகத் தெரிகிறது. அவர் இழுத்திருந்தால் நான் தடுத்திருப்பேனா என்று அன்றிலிருந்து பலமுறை யோசித்துவிட்டேன். யோசிக்க எனக்கு நேரம் இருக்கிறது.

"ரேகையை யார் விரல்ல வைக்கிறது?" என்றார் வக்கீலம்மா கடைசியில். பிறகு என் பக்கம் திரும்பி, "நினைச்சுப் பாக்கலன்னு சொல்ல மாட்டேன் சார்" என்றார்.

தாமலுக்குப் போய்த் திரும்பினால் ஆறு மணி வண்டி போய்விடும். அதை நான் சத்தமாகச் சொன்னேன், ஏதோ என்னிடம் மட்டும் இருந்த ரகசியம் போல. அப்போதுதான் கவுண்டர்காரர் உருப்படியாக ஒன்று சொன்னார். இங்கிருந்து கிளம்புவது மட்டுமே வண்டி இல்லை. ராணிப்பேட்டையிலிருந்து வருகிற அவர்களுடைய இன்னொரு வண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் தாமல் வழியாகத்தான் சென்னைக்குப் போகிறது. ஏழு மணிவாக்கில் ஏரியைத் தாண்டும். ஓட்டுநர் அவருடைய மச்சான் முறை. நிறுத்தச் சொல்லலாம். ஆனால் பில் இல்லாமல் அவர் கையில் வாங்க மாட்டார். பில் போட வேண்டுமானால் உறைக்குள் காகிதம் இருக்க வேண்டும்.

"உள்ள ஒண்ணும் இல்லாம பில் போடறது தப்பு சார்" என்றார்.

"தப்புதான்" என்றேன். எந்த விதியின் கீழ் தப்பு என்றும் சொல்லியிருப்பேன், வக்கீலம்மா காலை மிதித்தார்.

காலி உறைக்குப் பில் போட்டார். கெட்டுப்போன காகிதத்தையே தராசில் வைத்து எடை எழுதினார். பொய்க் கையெழுத்துக்கு மறுத்த நாங்கள் பொய் எடைக்குச் சம்மதித்தோம். இந்த இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால், கூரியர் அலுவலகத்துக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஜெராக்ஸ் கடையில் எங்களுக்கு முன்னால் ஒரு கல்லூரிப் பெண் தன் புராஜெக்டை முழுதாக அச்சடித்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரே ஒரு பக்கம் விட முடியுமா என்று கேட்டேன். "தாத்தா, ஒரு நிமிஷம்" என்றாள். அந்த ஒரு நிமிஷத்தில் மெஷினில் காகிதம் சிக்கியது. எடுத்து, தட்டி, மறுபடி போட்டு, எங்களுடையதை அவர் கொடுத்தபோது நான் கடையின் படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். வக்கீலம்மா கார் சாவியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். இப்படிப் பதறினால் ஓட்ட வேண்டாம் சார் என்றார். பதற்றம் இல்லை, அவசரம் என்றேன். இரண்டும் ஸ்டியரிங்குக்கு ஒன்றுதான் என்றார்.

ஊரை விட்டு வெளியே வருவதற்குள் பட்டுக்கடை வீதியில் மாட்டிக்கொண்டோம். கல்யாணக் கூட்டம் வேனில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஒருவர் எங்கள் கார் ஜன்னலில் கை வைத்து, தறியிலேர்ந்து நேரா, கடை வெலை இல்ல சார் என்று கூடவே ஓடிவந்தார். இந்த ஊரில் பிறந்து இங்கேயே பென்ஷன் வாங்குகிற என்னிடம். வழி முழுக்க, அந்த அக்காவிடம் என்ன சொல்ல வேண்டும் என்று வாக்கியம் வாக்கியமாகத் தயார் செய்துகொண்டு வந்தேன். ஆவணத்தைச் சிதைப்பது, அதன் விளைவு, ஒரு குழந்தையின் நலன். நல்ல வாக்கியங்கள். தீர்ப்பு மாதிரி இருந்தன.

வாசலில் கால் வைத்ததும் முதல் வாக்கியத்தைச் சொல்லிவிட்டேன். "இதை வேணும்னுதானே செஞ்சீங்க?" என்று கெட்டுப்போன காகிதத்தை நீட்டினேன்.

அந்தம்மா காகிதத்தைப் பார்த்தார். மஞ்சள் பரவியிருந்த இடத்தைப் பார்த்து, "அய்ய, ஒட்டிக்கிச்சே" என்றார். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"வேணும்னுதான் வெச்சேன். பின்ன வெக்காம அனுப்புவாங்களா?"

நான் அடுத்த வாக்கியத்தைத் தேடினேன்.

"பத்திரிக எழுதினா வெக்கிறோம். புதுத் துணிக்கு வெக்கிறோம். எங்க வூட்டுப் புள்ள பேரு இனிஷியலோட எழுதி இந்த வாசலுக்கு வந்த மொத பேப்பரு இது. மொட்டையா அனுப்பச் சொல்றீங்களா?" என்றார். "அவ மேல ஆயிரம் இருக்குது எனக்கு. புள்ள இன்னா பண்ணுச்சு?"

அவர் அந்தக் குழந்தையைப் பார்த்ததில்லை. போனில் வந்த ஒரு படம் மட்டும். உறையில் வைக்கும் முன்பு காகிதத்தைச் சாமி மாடத்துக்குக் கொண்டுபோய், பெயரைத் தேடி எழுத்துக்கூட்டிப் படித்து, அதற்குப் பிறகு மூலையில் வைத்தாராம். எட்டாவது வரை படித்தவர். இது கட்டிலில் இருந்த தம்பி சொன்னது. அவன் ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். வக்கீலம்மா புதிய தாளை நீட்டியபோது சிரித்துவிட்டான். "கட்டிக்கும்போது கூட என்னை ஒரு தடவதான்பா கேட்டாங்க. இதுக்கு ரெண்டு தடவை கேக்கறீங்க" என்றான். ஆனாலும் மறுபடி முழுதாகப் படித்தான். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு அவன் கண்கள் ஒவ்வொரு வரியாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்களை முப்பது வருஷம் திட்டியவனுக்குப் படித்துப் போடுகிறவன் மேல் வந்த கோபத்தை என்னவென்று சொல்வது.

கையெழுத்து, ரேகை, முத்திரை, பதிவேடு. இந்த முறை உறையில் நான் வைத்தேன். அந்தம்மா இரண்டு கையையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு தள்ளி நின்றார், தொட்டுவிடக் கூடாது என்பது போல. பிறகு கேட்டார்:

"அப்ப வேற எதுக்கு வெக்கலாம்?"

இதற்கு எந்தச் சட்டத்திலும் பதில் இல்லை. அவர் உள்ளே போய்க் கிண்ணத்தோடு வந்தார். என் கார் கண்ணாடியின் நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்து நடுவில் குங்குமம் இட்டார். வக்கீலம்மா சாவியை என்னிடம் திருப்பிக் கொடுத்து, வைப்பரைப் போட்டுவிடாதீர்கள் என்று மெல்லச் சொன்னார். பிறகு அந்தம்மா யாரையும் கேட்காமல் பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டார். பேப்பர் வண்டி ஏறுவதைப் பார்க்க வேண்டுமாம்.

நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றோம். ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் லாரிகள். ஒவ்வொரு வேனும் அந்த வேனாகத் தெரிந்தது. நான் கை காட்டிய முதல் வண்டி பால் வண்டி. இரண்டாவது ஒரு கம்பெனிப் பேருந்து, அது நிற்கவும் நின்றது. ஓட்டுநர் திட்டிவிட்டுப் போனார். வண்டி ஏற்கெனவே போய்விட்டிருக்குமோ என்று வக்கீலம்மாவிடம் கேட்டேன். இல்லை என்றார். கொஞ்சநேரத்தில் மறுபடி கேட்டேன். வக்கீலம்மா கவுண்டர்காரருக்கு போன் போட்டார், அவர் எடுக்கவில்லை. அந்தம்மா மட்டும் சாலையைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த உறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏரோபிளேன்ல எறங்கினா நேரா இங்கியா வருவாங்க, ஏனாத்தூருக்கா?" என்று கேட்டார்.

அவளுடைய அம்மா வீடு ஏனாத்தூரில் இருக்கிறது. எனக்குத் தெரியாது என்றேன். தெரியும்.

வண்டி எதிர்பார்த்ததைவிடத் தாமதமாக வந்தது. எங்களைத் தாண்டிப் போய் நின்றது. நான் ஓடினேன், என் வயதில் ஓடக் கூடாத அளவு. ஓட்டுநர் பில்லைக் கைபேசி வெளிச்சத்தில் பார்த்தார், உறையைத் திருப்பிப் பார்த்தார், மச்சான் சொன்னாரு என்று சொல்லி மற்றப் பொட்டலங்களுக்கு நடுவில் செருகிக்கொண்டார். அவ்வளவுதான். மதியத்திலிருந்து ஓடியது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் நேரம் அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தபோது அந்தம்மா போகிற வண்டியைப் பார்த்துக் கை குவித்திருந்தார். கூரியர் வண்டியைக் கும்பிட்டு நான் பார்த்தது அதுவே முதல் தடவை. என் கையும் பாதி தூரம் வந்திருந்தது.

சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் கைபேசியில் அந்தப் பொட்டலம் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சென்னையில் இருக்கிறது என்றது. மறுபடி சென்னையில் இருக்கிறது என்றது. சாப்பிடும்போது கைபேசியை என் மனைவி எடுத்துப் பிரிட்ஜ் மேல் வைத்தாள். திங்கட்கிழமை சாயங்காலம் நர்ஸ் வக்கீலம்மாவுக்கு ஒரு வரி அனுப்பினாள், வாங்கிட்டாங்க என்று. புதன்கிழமை பாஸ்போர்ட் கைக்கு வந்தது. வியாழக்கிழமை தாயும் பெண்ணும் சென்னையில் இறங்கி நேராக ஏனாத்தூர் போனார்கள்.

அடுத்த வாரம் எனக்கு ஒரு போன் வந்தது. தாமலிலிருந்து அந்தம்மா. தம்பி கால் தேறி வருகிறது, மாடு கன்று போட்டது என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியாக விஷயத்துக்கு வந்தார்.

"சார், புள்ளையப் பாக்கணும்னா அதுக்கு இன்னா பேப்பரு போடணும்?"

தெரியும். மனு யார் போட வேண்டும், எந்த நீதிமன்றம், எந்தப் பிரிவு, அத்தைக்கு அதில் என்ன இடம் என்பதெல்லாம் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. ஒன்றையும் சொல்லவில்லை. நான் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

நர்ஸிடம் நேரடியாக அப்போதுதான் முதல் தடவை பேசினேன். விஷயத்தைச் சொன்னபோது பின்னால் ஒரு குழந்தை எதையோ கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு அவங்க வேணும்னு செய்யலன்னு வக்கீலம்மா சொன்னாங்க. நெஜமா சார்?"

"வேணும்னுதான் செஞ்சாங்கம்மா" என்றேன். ஏன் என்பதையும் சொன்னேன். சாமி மாடம், எழுத்துக்கூட்டிப் படித்தது, மொட்டையாக அனுப்பக் கூடாது என்றது எல்லாம்.

அவள் குழந்தையிடம் இரும்மா என்றாள்.

"ஞாயித்துக்கெழமை வரச் சொல்லுங்க. அவங்க மட்டும். அவர் வேணாம், இப்ப வேணாம்."

தாமலுக்கு போன் போட்டுச் சொன்னேன். அந்தம்மா கேட்டுக்கொண்டார். பஸ் எங்கே மாற வேண்டும் என்று கேட்டார், சொன்னேன். பிறகு தயங்கினார்.

"வெறுங்கையாப் போவக் கூடாது. புள்ளைக்கு ஒரு பாவாட சட்ட எடுத்துக்கினு போலாமா? இல்ல அதுக்கும் அவ ஏதாச்சும் சொல்லுவாளா?"

அதை நான் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டுச் சொல்லுங்க சார். அளவும் கேளுங்க."

நான் ஏனாத்தூருக்கு மறுபடி போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எழுந்து வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தபடி காத்திருந்தேன்.